பள்ளத்து லயமும் வான் அலையும்

பட்டினத்தில் ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால், கடைக்காரர் அதை வீட்டில் இறக்கிய அன்றே காரியம் முடிந்துவிடுகிறது. சுவரிலே ஓர் ஆணி, மின்னிணைப்பு ஒன்று, அவ்வளவுதான். சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் அப்படியன்று. பெட்டி வீட்டுக்குள் வருவது பாதிக் காரியமே. மற்றப் பாதி மலையின் கையில் இருக்கிறது. ஆதலால், எம்மவர் வீடொன்றில் புதிய பெட்டி வந்து இறங்கியதும், அண்டை அயலார் "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன் "பிடிக்குதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் அமைப்பை அறியாதவர்க்கு இக்கேள்வியின் முழுப் பொருள் விளங்காது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளைப் போன்ற உயர்ந்த மேட்டு நிலமன்று இது. மத்திய மலைநாடு தென்மேற்கே இறங்கிச் சமவெளியைத் தொடும் சரிவு. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தைப் பக்கங்களில் தேயிலை. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டியப் பக்கங்களில் தேயிலையும் இறப்பரும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே ஆழ்ந்த பள்ளம். பள்ளத்தில் ஓர் ஓடை. ஓடையை அண்டிப் பல இடங்களில் லயம். துரைமார் பங்களாவை மேட்டிலும் லயத்தைப் பள்ளத்திலும் கட்டிய அக்காலத்தில், வானத்திலிருந்து மழையையன்றி வேறேதேனும் வீட்டுக்கு வரக்கூடும் என்று யார்தாம் எண்ணியிருப்பர்!

இன்னொன்றும் உண்டு. இங்கு தமிழர் சிறுதொகையினர். ஒரு தோட்டத்து லயத்துக்கும் அடுத்த தோட்டத்து லயத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள் பரந்து கிடக்கின்றன. கடை, பேருந்து, ஆஸ்பத்திரி, காவல் நிலையம் எங்கும் சிங்களமே வழங்கும். தமிழ்ப் பாடசாலைகள் பெரும்பாலும் சிறியவை. தமிழ்ப் பத்திரிகையோ பட்டினத்துக்குப் போகிறவர் எவரேனும் வாங்கி வந்தால் உண்டு. ஆகவே வீட்டுக்குள் தமிழைக் கொண்டுவந்து சேர்க்கும் பெட்டி எமக்கு வெறும் பொழுதுபோக்குச் சாமானாக ஒருபோதும் இருந்ததில்லை. அப்பெட்டி 'பிடிக்காமற்' போவதும் வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமன்று.

கம்பியும் மின்கலமும்

முதலில் வந்தது வானொலி. இலங்கையில் ஒழுங்கான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலே தொடங்கிற்று. எனினும் தோட்டத்துக்கு அது எட்டியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதைக் கொண்டு 'ரேடியோ சிலோன்' எழுப்பிய ஒலி தமிழ்நாடு முழுவதும் கேட்டது. எஸ். பி. மயில்வாகனம் போன்றோரின் குரலுக்காகச் சென்னையிலும் மதுரையிலும் காத்திருந்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே குரலுக்காக இறக்குவானைப் பள்ளத்தில் எத்தனை பாடு பட்டார்கள் என்பதை எழுதி வைத்தவர் சிலரே.

அந்நாளில் லயங்களில் மின்சாரம் இல்லை. வால்வு வைத்த பெட்டிக்கோ மின்சாரம் வேண்டும். எனவே உலர் மின்கலத்தால் இயங்கும் பெட்டிகள் வந்தன. வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற்று. அதன் தகட்டுக்குத் தொண்ணூறு வோல்ற்று. செங்கல்லளவு பருமனும் அதற்கேற்ற விலையுமுள்ள அம்மின்கலத் தொகுதியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்தது. செய்தியும் நாடகமும் கேட்டதும் பெட்டியை மூடிவிடுவார்களாம். பாட்டுக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு என்று எமது பாட்டனார் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறோம். இவற்றுக்கு மேலாக, ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமப் பத்திரமும் எடுத்தாக வேண்டும். ஆகையால் ஒரு தோட்டத்தில் பெட்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிளாக்கர் ஐயா வீட்டிலோ பெரிய கங்காணி வீட்டிலோ ஒன்று இருக்கும். மற்றவர்கள் மாலையில் அவ்வாசலில் சாக்கு விரித்து அமர்வார்கள்.

பெட்டிக்கு வெளியே ஏரியல் கம்பி. லயத்தின் கூரை முகட்டிலிருந்து எதிரே நிற்கும் பாக்கு மரத்துக்கு முப்பது நாற்பது அடி நீளத்தில் ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். இன்னொரு கம்பி நிலத்துக்குள் ஈரமான இடத்தில் இறங்கும். கம்பி உயரவும் நீளவும் ஒலி தெளியும். வியப்பு யாதெனில், பிற்காலத்து நவீனச் சாதனங்களுக்கு எட்டாத ஆழமான பள்ளங்களிலும் அந்தப் பழைய பெட்டி பேசியது என்பதுதான். காரணம் எளிது. சிற்றலை மேல்நோக்கிச் சென்று, நூறு மைல்களுக்கும் அப்பாலுள்ள அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும். பக்கத்து மலையை அது ஊடுருவ வேண்டியதில்லை. மழையைப் போலவே மேலிருந்து வருகிறது. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் அதற்குப் பேதமில்லை.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்ட திரான்சிஸ்டர், 1954இல் கைக்கடக்கமான வானொலியாகக் கடைக்கு வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அது தோட்டங்களை அடைந்தபோது நேர்ந்த மாறுதலை ஒரு சிறு புரட்சி என்றே சொல்லலாம். இரண்டு அல்லது நான்கு சிறிய மின்கலங்கள் பல வாரங்களுக்குப் போதும். பெட்டி கங்காணி வீட்டை விட்டுக் கிளம்பிக் காம்பரா தோறும் குடியேறியது. நாம் சிறுவராயிருந்த எண்பதுகளில், எமது லயத்தில் அடுப்பில்லாத காம்பரா இல்லாததுபோல் ரேடியோ இல்லாத காம்பராவும் இல்லை. 'ழ'கரத்தைச் சரியாக உச்சரிக்க எமது தலைமுறையிற் பலர் கற்றது வகுப்பறையிலா, வானொலியிலா என்று கேட்டால், தமிழ் கற்பித்த எமது ஆசிரியர்கள் மீது பெருமதிப்பு இருந்தபோதிலும், பின்னதற்கே நாம் வாக்களிப்போம்.

கூரை யாருடையது?

1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி எழுந்தது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில் அதன் அஞ்சற் கோபுரம் நின்றது. 2,524 மீற்றர் உயரத்திலிருந்து புறப்படும் அலை எங்கும் செல்லாதா என்று தோன்றும். ஆனால் தொலைக்காட்சி அலை சிற்றலையைப் போன்று மேலே போய்த் திரும்புவதன்று. விளக்கொளியைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டில் ஓடுவது. மலை குறுக்கிட்டால் அப்பால் நிழல் விழும். இரத்தினபுரி நகரிலிருந்து பிதுருதலாகலை வடகிழக்கில் இருக்கிறது. அந்தத் திசையிலேயேதான், இடைவழியில், சிவனொளிபாத மலைத்தொடர் சுவர் எழுப்பி நிற்கிறது. அடியார்க்கு அருள்புரியும் மலை, அன்டெனா நட்டவர்க்கு அத்துணை இரக்கம் காட்டவில்லை.

அலை வந்தாலும் மின்சாரம் வேண்டுமே. லயங்களுக்கு மின்னிணைப்பு பரவலாகக் கிடைத்தது மிகவும் பிந்தித்தான். அதுவரை பன்னிரண்டு வோல்ற்றில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியும், அதற்கு உயிரூட்ட ஒரு மோட்டார்க் கார்ப் பற்றரியும் வாங்குவார்கள். பற்றரி தீர்ந்ததும் அதைச் சாக்கிற் சுற்றித் தோளில் வைத்துப் பட்டினத்துக்குச் சுமந்து சென்று, மின்னேற்றும் கடையில் விட்டு, மறுநாள் திரும்பவும் சுமக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்தின் உச்சக் கட்டத்தில் திரையின் நான்கு ஓரங்களும் மெல்லச் சுருங்கி வரும்போது, அது பற்றரி விடைபெறும் அறிகுறி என்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.

அன்டெனா நடுவதே பெருங்காரியம். மீன் முள் போன்ற அந்த அலுமினியக் கம்பி அடுக்கை ஜப்பானியப் பேராசிரியர்களான உடாவும் யாகியும் 1926இல் உலகுக்கு அளித்தார்கள். நீண்ட முள் பின்புறமும் குறுகிய முட்கள் ஒலிபரப்பு நிலையத்தை நோக்கியும் இருத்தல் வேண்டும். இதை எமது தோட்டத்து இளைஞர்கள் எந்த நூலிலும் படித்தாரில்லை. மூங்கிற் கழியை நாற்புறமும் திருப்பித் திருப்பித் தாமே கண்டுகொண்டார்கள். கூரைமேல் ஒருவர், இஸ்தோப்பில் ஒருவர், பெட்டியின் முன்னால் ஒருவர் என மூவர் இல்லாமல் அது நடவாது.

"அத்தே, இப்பத் தெரியுதா?"

"புள்ள, தெரியுதான்னு மாமா கேக்குறாரு!"

"ஆளு தெரியுது, சத்தந்தான் இல்ல!"

"கொஞ்சம் மேப்பக்கம் திருப்பு தம்பி."

"சத்தம் வந்துருச்சு, ஆளக் காணோம்!"

இந்த உரையாடல் அரை மணி நேரம் நீளும். கடைசியில் கூரையிலிருப்பவர் கழியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் படம் தெளிவாயிருக்கும். கையை எடுத்தால் மறையும். மனித உடலும் மின் கடத்தி என்பதனால் நேர்வது அது. "அப்படியே நில்லு தம்பி, படம் முடியட்டும்" என்று கீழேயிருந்து வேடிக்கைக் குரல் எழாத லயம் உண்டோ?

வேடிக்கைக்கு அடியில் ஒரு கசப்பும் இருந்தது. அந்தக் கூரை வீட்டாருடையதன்று. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள்; கூரையோ தோட்டத்தின் உடைமை. 1972லும் 1975லும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினும், மூன்று நான்கு தலைமுறையாய் அங்கேயே வாழ்ந்தவர் கூரையில் ஒரு கழி நடுவதற்கு ஐயாவிடம் கேட்க வேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை. தகரத்தில் ஓட்டை விழுந்து பக்கத்துக் காம்பராவில் ஒழுகினால் சண்டை வேறு. இதனாற்றான் பலர் கழியைக் கூரையில் நடாமல், தமக்கென விட்ட காய்கறித் தோட்டத்து மூலையில் நட்டார்கள். கொழுந்து மலைக்கும் இறப்பர்க் காட்டுக்கும் நடுவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாக அன்டெனாக் கழிகள் நிமிர்ந்து நின்ற காட்சியைக் கண்டவர்கள், 'இவர்கட்கு உண்ண வழியில்லை, இதற்கு மட்டும் காசா?' என்று இகழ்ந்ததுண்டு. அந்தக் கழிகளைத் தவிர, தமதென்று அவர்கள் நிலத்தில் ஊன்ற முடிந்தது வேறு என்ன இருந்தது என்று அவர்கள் கேட்டாரில்லை.

உயரமான கழிக்கு இப்பகுதியில் வேறோர் ஆபத்தும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இங்கு இடி முழங்காத நாட்கள் குறைவு. ஈரக் கழியும் அலுமினிய முள்ளும் மின்னலை வரவேற்கும். அங்கிருந்து வரும் கம்பி நேரே பெட்டிக்கும், பெட்டியைத் தொட்டிருப்பவர் மேனிக்கும் வழிகாட்டும். மேகம் கறுக்கும்போதே மின்செருகியையும் அன்டெனாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும்; முதல் இடி கேட்ட பின் கழற்றப் போவது தவறு. கழற்றிய கம்பியின் நுனியைக் கண்ணாடிப் போத்தலுக்குள் செருகி வைத்து நிம்மதியாக உறங்கும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். மைல் கணக்கான ஆகாயத்தைப் பிளந்துகொண்டு வந்த மின்னல் ஒரு போத்தலின் கண்ணாடிக்கு அஞ்சுமா? கம்பி வீட்டுக்கு வெளியே கிடப்பதுதான் பாதுகாப்பு.

தலைக்கு மேலே ஒரு செய்மதி

பூமத்திய ரேகைக்கு மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அதன் மூலம் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் ஆங்கில வானொலிச் சஞ்சிகையொன்றில் விளக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1975இல் இந்தியா தனது கிராமங்களுக்குச் செய்மதி மூலம் கல்வி ஒளிபரப்பு நடத்திய காலத்தில், இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் அவருடைய கொழும்பு இல்லத்தில் பெரியதொரு தட்டு அன்டெனாவை நிறுவிக் கொடுத்தார்கள். நாட்டில் தொலைக்காட்சியே இல்லாத காலம் அது! அவர் எழுதிய 'சொர்க்கத்தின் ஊற்றுகள்' என்னும் நாவலில் வரும் மலைக்கு முன்மாதிரி வேறெதுவுமன்று, எமது அன்டெனாக்களை மறைத்து நின்ற அதே சிவனொளிபாத மலைதான்.

கிளார்க் வீட்டுக்கு வந்த தட்டு, சிறிய வடிவில், இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எமது லயங்களுக்கும் வந்தது. மலை மறைக்காத அலை வேண்டும் என்ற நெடுநாட் குறை தீர்ந்தது. தமிழ் அலைவரிசைகளைத் தரும் இந்தியச் செய்மதிகள் பலவும் 83 முதல் 95 பாகை வரையான கிழக்கு நெடுங்கோடுகளின் மேல் நிற்பவை. இரத்தினபுரியோ 80 பாகைக்கு அருகே, பூமத்திய ரேகைக்கு ஏழு பாகைக்குள் இருக்கிறது. எனவே அச்செய்மதிகள் எமக்கு அடிவானத்திலிருந்து எழுபது பாகைக்கு மேல், ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே உள்ளன. இலண்டன் மாநகரத்து வீடுகளில் தட்டுகள் சுவரோடு சுவராய் நிமிர்ந்து நிற்கும். அங்குச் செய்மதி இருபத்தைந்து பாகை உயரத்தில் இருப்பதே காரணம். எமது லயத்துத் தட்டோ மல்லாந்து வானம் பார்க்கிறது. பள்ளம் எவ்வளவு ஆழமாயினும் உச்சந்தலைக்கு மேல் மலை ஏது? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சிற்றலை செய்த உபகாரத்தை இது மீண்டும் செய்தது.

தட்டைப் பூட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. தட்டின் முகம் நோக்கும் திசை வேறு, அது உண்மையில் அலை வாங்கும் திசை வேறு. அலை வாங்கும் கருவி நடுவில் இல்லாமல் கீழ்ப்புறத்துக் கையில் பொருத்தப்பட்டிருப்பதால், இரண்டுக்கும் இருபது பாகைக்கு மேல் வித்தியாசம் உண்டு. கண்ணால் பார்த்துத் திருப்புகிறவர்கள் இதனால் ஏமாறுவார்கள். ஓரிரு பாகை விலகினாலே திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்துவிடும். தட்டின் தண்டைச் செங்குத்தாக நட்டு, பெட்டியிலுள்ள தர அளவுகோலைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஆணியை முடுக்கும்போது மறுபடி விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதச் சந்தாவை எவர் பெயரில், எந்நாட்டு முகவரியில் கட்டுகிறோம் என்பது இன்னொரு கதை; அதனுள் நாம் புகவில்லை.

தட்டு வந்த பின் தமிழுக்குப் பஞ்சமில்லை. இரவும் பகலும் சென்னைத் தமிழ் காம்பராவில் பொழிகிறது. ஆயினும் ஒன்றை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை. சென்னையில் எந்தப் பாலத்தில் வெள்ளம் என்பது எமது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. களு கங்கை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது தெரிவதில்லை. அந்தப் பெட்டியில் இரத்தினபுரி என்றோர் ஊரே கிடையாது. தமிழ் வந்தது, ஊர் வரவில்லை.

மழை வந்தால் அதுவும் போய்விடும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. செய்மதி அலையின் நீளமோ ஏறத்தாழ இரண்டரை சென்றிமீற்றர். அத்துணைக் குறுகிய அலையைப் பெருமழையின் துளிகள் விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. படம் முதலிற் சதுரம் சதுரமாய் உடையும், பின் உறையும், பின் இருளும். "டிஷ் பழுதாகிவிட்டது" என்று கடைக்காரனைத் திட்டுகிறவர்கள் பலர். தட்டு பழுதன்று, மேகம் கலைந்ததும் தானே திரும்பும். பெரிய தட்டு வைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். முற்றாகத் தப்ப வழியில்லை.

ஆணியில் தொங்கும் கைபேசி

இந்நாட்டில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கியது. தோட்டத்துக்கு அது வந்து சேர மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்ததும் பழைய மலைப் பிரச்சினையையும் கூட்டிக்கொண்டு வந்தது. கோபுரத்துக்கும் கைபேசிக்கும் நடுவே மேடு நின்றால் அலை மெலியும். 'கவரேஜ்' என்ற சொல் தோட்டத்துப் பாட்டிமாரின் வாயிலும் சரளமாய் வழங்கத் தொடங்கியது அப்போதுதான். ஒவ்வொரு லயத்திலும் ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டது: கோயில் படிக்கட்டு, வங்கி திரும்பும் பாதை, கொய்யா மரத்தடி. கையிற் கொண்டு திரிவதற்கென ஆக்கப்பட்ட கருவியை, இங்கு சன்னலோரத்து ஆணியில் தொங்கவிட்டு வைத்தார்கள்!

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதன் கொடுமை வெளிப்பட்டது. நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகுலம்' என்ற பெயரில் தமிழில் பாடங்கள் வந்தன. அவை பலருக்கு உதவின. மற்றப் பாடமெல்லாம் கைபேசியில். வீட்டுக்கு ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள், அப்பன் வேலைக்குப் போகும்போது அதுவும் அவரோடு போய்விடும். கொழும்பு நோக்கி நாம் நடத்திய வகுப்பொன்றில், இறப்பர் மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு ஒரு மாணவி அமர்ந்திருந்தாள். பின்னணியில் மழை இரைச்சல். "சேர், மழ விட்டதும் கேள்விக்குப் பதில் சொல்லவா?" என்றாள். 2021இல் பதுளை மாவட்டத்து போகிட்டியாவக் கிராமத்தில் ஆசிரியர்களும் சிங்கள மாணவர்களும் காட்டு வழியே மலைப்பாறை ஏறிப் பாடம் நடத்திய செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. பள்ளத்தில் வாழ்வோரின் துயருக்கு மொழி வேற்றுமை இல்லை.

அக்காலத்தில் பிள்ளைகளே கண்ட உபாயம் ஒன்றுண்டு. அலை பிடிக்கும் ஆணியில் ஒரு கைபேசியைத் தொங்கவிட்டு, அதன் 'ஹொட்ஸ்பொட்'டைத் திறந்து, பத்துப் பதினைந்து அடி தள்ளி வீட்டுக்குள் இருந்தவாறே இன்னொரு கைபேசியால் அதைப் பயன்படுத்துவது. கீழே ஆள் ஒருவர், மேலே ஆள் ஒருவர் என்று அன்டெனா திருப்பிய மாமன்மாரின் பிள்ளைகள் அன்றோ!

மழை இரவில் கேட்பது எது?

இவ்வளவு நேரமும் பாட்டையும் பாடத்தையும் பற்றியே பேசினோம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறொன்று நேர்ந்தது. பல நாட்கள் இடைவிடாது பெய்த மழையின் பின், 17ஆம் தேதி, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவு முழுவதும் பெயர்ந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேலும் மண் சரிந்து, உறங்கச் சென்றவர்களை வாரிக்கொண்டது. அரநாயக்கவைப் பற்றி நாடு பேசியது; களுபஹனவைப் பற்றிப் பேசியது குறைவு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால் இடத்தை விட்டு நீங்க வேண்டும் என்பது அதன் பொது அளவு. கொழும்பில் விடுக்கப்படும் அந்த எச்சரிக்கை, மழை கொட்டும் இரவில், பள்ளத்து லயத்தை வந்தடைய என்ன வழி? தட்டு முதல் அரை மணி நேரத்திலேயே குருடாகிவிடும். கண் திறந்திருந்தாலும் அதில் வருவது சென்னை நாடகம். மரம் விழுந்து மின்சாரம் போனால் தொலைக்காட்சியும் போயிற்று. மின்சாரம் போனபின் கைபேசிக் கோபுரம் தன் பற்றரியில் சில மணி நேரந்தான் நிற்கும். எஞ்சுவது யாவரும் பரணில் தூக்கி எறிந்த பழைய சிறு வானொலிதான்.

அதன் காரணமும் அலையின் நீளமே. பண்பலை வானொலியின் அலை ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமுள்ளது. மழைத்துளி அதற்கு ஒரு பொருட்டன்று. இரண்டு மின்கலங்கள் இருந்தால் இரவு முழுவதும் பேசும். ஆனால் அன்றைய சிற்றலையைப் போலன்றிப் பண்பலையும் நேர்கோட்டில் ஓடுவதால், வீட்டில் எல்லா இடத்திலும் பிடிக்காது. இருட்டில், மழையில், குழந்தைகள் அழும்போது அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கண்ட பெரியவர் ஒருவர், இஸ்தோப்பின் தூணில் மார்பளவு உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். அது என்னவென்று கேட்டோம்.

"இந்தக் கோட்டுல வச்சாத்தான் தமிழ்ச் செய்தி கேக்கும் சேர். ராவுல பேத்தி எந்திரிச்சாலும் தடவிப் பாத்து வச்சிருவா" என்றார்.

தூணருகே தகர டின் ஒன்றும் இருந்தது. நேர்ச்சுவரும் தட்டையான அடியும் உள்ள டின். அதனுள்ளே அடிக்கோலால் அளந்து 75, 100, 150 என்று மூன்று கீறல்கள். காலை ஆறு மணிக்குக் கவிழ்த்துவிட்டு, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைக்கிறார். வாய் அகன்று அடி குறுகிய வாளியில் இப்படி அளந்தால் கணக்குப் பிழைக்கும் என்பதையும் அவரே எமக்குச் சொன்னார். கீறல் இரண்டாவதைத் தாண்டினால் பேத்தியின் பாடப் புத்தகமும் அடையாள அட்டைகளும் வைத்த பையை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாடசாலைக்குப் போய்விடுவார்களாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி எண்ணும் அதே தூணில் கரியால் எழுதப்பட்டிருக்கிறது.

வானொலியை மட்டும் அவர் தூணில் விட்டு வைப்பதில்லை. வேலை முடிந்ததும் மின்கலங்களைக் கழற்றி, காகிதத்திற் சுற்றி, அடுப்பங்கரைத் தட்டில் உலர்ந்த இடத்தில் தனியே வைக்கிறார். பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்காய் விட்டுவைத்தால் அவை கசிந்து, செப்புத் தகடுகளைப் பச்சை பூக்கச் செய்து அரித்துவிடும். இப்பகுதி ஈரத்துக்கு அது ஒரு பருவத்திலேயே நடந்துவிடும். தகடு பச்சை பூத்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அதன் பிறகே புதிய மின்கலங்களைப் போட வேண்டும்.